வாயில் திறந்தால் மட்டும் போதுமா?

ஒரு பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பது ஒரு நாள் வேலை. விண்ணப்பம் நிரப்பப்படுகிறது, கட்டணம் செலுத்தப்படுகிறது, பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. அன்று முதல் அப்பிள்ளை அப்பள்ளியின் மாணவனாகிவிடுகிறான். ஆனால், பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகள் யாவரும் பாடத்திலும் இடம் பெற்றிருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியுமா? கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுமிக்குக் கரும்பலகை வெறும் நிழலாகத் தெரிகிறது. அவளுக்கு முன் வரிசையில் இருக்கும் சிறுவனுக்கு ஆசிரியர் குரல் பாதி எட்டுகிறது, பாதி எட்டுவதில்லை. மூன்றாமவன் சக்கர நாற்காலியில் வருகிறான். அவன் வகுப்பு மாடியில் நடக்கிறது. ஆகவே அவன் கீழ்த்தளத்து நடையிலேயே நேரத்தைக் கழித்துவிட்டு, மணி அடித்ததும் வீடு திரும்புகிறான். இம்மூவரும் பள்ளியிற் சேர்க்கப்பட்டவர்களே. கல்வியிலும் சேர்க்கப்பட்டவர்கள் ஆவார்களா?

இக்கேள்வியைத்தான் இன்று நாம் ஆராய விரும்புகிறோம். அதுவும், தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களை மனத்திற்கொண்டு ஆராய விரும்புகிறோம். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, இந்திய நாட்டில் உடற்குறையோ புலன்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உடையவர்கள் 2.68 கோடிப் பேர் என்று கூறியது. நூற்றுக்கு இருவருக்கு மேல் என்பது இதன் பொருள். ஆதலால் இது யாரோ சிலரைப் பற்றிய செய்தி அன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாம் கூடும் எந்தத் தமிழ்க் கூட்டத்திலும் இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாயும் தந்தையும் இருப்பார்கள். அவர்கள் அங்கே இருந்தும், அவர்களுடைய பிள்ளை அங்கே இல்லாமற் போவதுதான் நம்மை வருத்த வேண்டிய செய்தி.

நாம் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள். சட்டங்களும் சுற்றறிக்கைகளும் நம் மேசையின் வழியாக ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்கின்றன. அதனால் சொற்கள் மாறிவந்த வரலாற்றை அருகிலிருந்து காண்கிறோம். ஒரு காலத்தில் குருடர், செவிடர், முடவர் என்று கூசாமல் எழுதினர். பிறகு ‘ஊனமுற்றோர்’ என்ற பொதுச்சொல் வந்தது. இப்போது தமிழ்நாட்டு அரசு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று வழங்குகிறது. மத்திய அரசு இந்தியில் ‘திவ்யாங்ஜன்’ என்கிறது. சொல் மாறியது நன்மையே. புண்படுத்தும் சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை தன்னையே தாழ்வாக எண்ணத் தொடங்கிவிடும் அல்லவா? எனினும், சொல் மாறிய அளவுக்கு வகுப்பறை மாறியிருக்கிறதா என்று பார்க்கும்போது நம் மகிழ்ச்சி சுருங்கிவிடுகிறது. பெயர்ப் பலகை புதிதாக இருக்கிறது. படிக்கட்டு பழையபடியே இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்களைத் திகைக்க வைத்த ஒரு தொடரையும் இங்கே குறிப்பிடுதல் தகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்றொரு தொடர் வருகிறது. இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? ‘நியாயமான சலுகை’ என்று பெயர்த்துவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் சலுகை என்பது கொடுப்பவர் விருப்பத்தைப் பொறுத்தது. இன்று கொடுக்கலாம், நாளை மறுக்கலாம். பெறுபவர் நன்றி சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். சட்டம் கருதியது அதுவன்று. ஒருவர் மற்றவரோடு ஒப்பத் தம் உரிமையைப் பெறுவதற்கு எந்த மாறுதல் தேவையோ, அதனை, அமைப்பின் மீது தாங்கொணாச் சுமை ஏற்றாத வகையில் செய்து தர வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆகவே, ‘நியாயமான ஏற்பாடு’ என்று சொல்வதே பொருத்தம் என்று நாம் எண்ணுகிறோம். கிட்டப்பார்வை உடையவர் மூக்குக் கண்ணாடி அணிந்து படிப்பதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர்வு எழுது என்று எந்த ஆசிரியரும் ஆணையிடுவதும் இல்லை. அது ஓர் ஏற்பாடு, அவ்வளவே. சாய்தளமும் பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாளும் காது கேட்கும் கருவியும் அத்தகையனவே.

இந்த எண்ணம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று யாரும் கருத வேண்டியதில்லை. நம் புலவர் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். முதுகில் எழுத்தை வரைந்து காட்டச் செய்து அவர் எழுத்தறிவு பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. கண் வழியே புகாத எழுத்தைத் தோல் வழியே புகுத்தினார்கள். பாடம் அதேதான், பாதை வேறு. இரட்டைப் புலவர்கள் என்று நாம் கொண்டாடும் இருவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். நடப்பவர் தூக்கிச் செல்ல, பார்ப்பவர் வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பர். ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடிப்பாராம். அவர்களுக்கு யாரும் இரங்கிப் பரிசில் தரவில்லை, பாட்டுக்காகவே தந்தனர். தக்க பாதையும் தக்க துணையும் அமைந்தால் திறமை வெளிப்படும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று சிறிது காண்போம். 1995-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட முதற் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கிற் கொண்டது. அதனை நீக்கி வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. அது 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆட்டிசமும், எழுத்தும் எண்ணும் கற்பதில் தடை உண்டாக்கும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் இப்பட்டியலில் இடம் பெற்றன. முன்பு ‘சோம்பேறி’ என்றும் ‘மந்தம்’ என்றும் பிரம்படி வாங்கிய பிள்ளைகள் பலர், உண்மையில் எழுத்துகளை இனங்காண்பதில் இடர்ப்பட்டவர்கள் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது எனலாம்.

அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் யாவும் இப்பிள்ளைகளை வேற்றுமையின்றிச் சேர்க்க வேண்டும். கட்டடங்கள் அவர்கள் சென்றுவர ஏற்றனவாக இருக்க வேண்டும். ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. நூற்றுக்கு நாற்பது அளவுக்குக் குறையாத குறைபாடு உடைய பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அருகிலுள்ள பொதுப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, பிள்ளைக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். ‘உங்கள் பிள்ளைக்கு ஏற்ற இடம் இதுவன்று’ என்று சொல்லி வாயிலிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை.

இவையெல்லாம் நாடு முழுமைக்கும் பொது. ஆனால் சொந்த மாநிலத்தை விட்டு வந்தவர்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுவார் அரியர் என்பதால் நாம் அவற்றையே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

முதற் சிக்கல், பிள்ளையை ஊரிலேயே விட்டுவருவது. குடும்பம் தில்லிக்கோ புனேக்கோ மாற்றலாகி வருகிறது. மூத்த பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் உடன் வருகிறார்கள். நடுப்பிள்ளை மட்டும் பாட்டி வீட்டில் இருக்கிறாள். காரணம் கேட்டால், ‘அவளுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளாது, மொழியும் தெரியாது, ஊரில் எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்கிறார்கள். பெற்றோரின் அன்பை நாம் ஐயுறவில்லை. புது ஊரின் அலைச்சலும் வாடகை வீட்டின் மூன்றாம் மாடியும் அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியிருக்கலாம். ஆனால் பாட்டிக்கு முதுமை வருகிறது. பிள்ளை பதினைந்து வயதை எட்டும்போது அவளுக்குக் கைவேலையும் இல்லை, கல்வியும் இல்லை, உடன்பிறந்தவர்களோடு உறவாடிய பழக்கமும் இல்லை. தமிழ்நாட்டில் வாங்கிய மருத்துவச் சான்றிதழ் வேறு மாநிலத்தில் செல்லுபடியாகாது என்று அஞ்சி விட்டுவந்தவர்களும் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் அவ்வாறே எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது. மாநில அரசுகள் தம் நிதியிலிருந்து தரும் உதவித்தொகைகளுக்கு மட்டும் அந்தந்த மாநிலம் வகுத்த நிபந்தனைகள் இருக்கும். அவற்றை அங்கங்கே கேட்டறிய வேண்டும்.

ஆண்டின் நடுவில் வந்து சேருகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணங்காட்டிப் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது. சான்றிதழ் வரும் வரை பிள்ளை வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் சிக்கல் மிக நுட்பமானது. மொழி தெரியாமையும் குறைபாடும் ஒன்றன் பின் ஒன்று மறைந்துகொள்வதே அது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். வடநாட்டு நகரமொன்றுக்கு மாற்றலாகி வந்த அவர்களுடைய ஏழு வயது மகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. ‘இந்தி தெரியாத பிள்ளை, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஆசிரியை சொன்னார். வீட்டாரும் அப்படியே நம்பினர். ஓராண்டு சென்றது. இரண்டாம் ஆண்டில், ‘பிள்ளைக்கு அறிவு வளர்ச்சி போதாது’ என்று வேறோர் ஆசிரியர் கூறினார். அதன் பிறகே பெற்றோர் அவளைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றனர். இரு செவிகளிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. வீட்டில் தாய் முகத்துக்கு நேராக நின்று, பழகிய தமிழில் பேசியதால், உதட்டசைவைக் கண்டே அவள் பாதியைப் புரிந்துகொண்டிருந்தாள். பள்ளியிலோ மொழியும் புதிது. ஆசிரியர் முகமும் கரும்பலகைப் பக்கம். குறையை மொழி மறைத்தது; மொழியின்மை பிறகு அறிவின்மையாகத் தோன்றியது. காது கேட்கும் கருவி பொருத்தி, முன் வரிசையில் இடம் கொடுத்த பிறகு அப்பெண் படிக்கத் தொடங்கினாள். இழந்த ஒன்றரை ஆண்டை ஈடுசெய்ய அவள் மிகவும் உழைக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவன இரண்டு. புது மாநிலத்தில் பிள்ளை பேசத் தயங்கினால் மொழியைக் குறை கூறுவதோடு நின்றுவிடாமல், கண்ணையும் செவியையும் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும். இது மிகச் சிறிய செலவு. அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை. இதற்கு மறுதலையாக, பிள்ளைக்கு அறிவுக் குறையோ கற்றல் குறையோ உண்டு என்று யாரேனும் சொன்னால், எந்த மொழியில் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். தெரியாத மொழியில் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அது பிள்ளையின் குறையாகுமா? சோதிப்பவர் தமிழ் அறியாதவராயின், தமிழும் அவர் மொழியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

இத்தகைய பரிசோதனைக்கு எங்கே செல்வது என்று தெரியாதவர்கள் பலர். தமிழர் மிகுதியாக வாழும் பல நகரங்களிலேயே மத்திய அரசின் தேசிய நிறுவனங்கள் இருக்கின்றன. செவி, பேச்சு ஆகியவற்றுக்கு மும்பையில் அலி யாவர் ஜங் நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் உண்டு. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுக்குச் செகந்தராபாத்திலும், கை கால் இயக்கக் குறைபாட்டுக்குக் கொல்கத்தாவிலும், பார்வைக் குறைபாட்டுக்கு டேராடூனிலும் தேசிய நிறுவனங்கள் உள்ளன. விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்பவர்கள் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள நிறுவனத்தை அணுகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையவர்களுக்கென அமைந்தது அது.

மூன்றாம் சிக்கல், பாடமாகப் படிக்க வேண்டிய மொழிகளின் எண்ணிக்கை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், அதற்குமேல் இந்தியோ மராத்தியோ வங்காளியோ. நல்ல செவியும் நல்ல கண்ணும் உடைய பிள்ளைக்கே இது பெரும் பாரம். செவிக்குறை உள்ள பிள்ளைக்கு ஒரு மொழியே அரிதில் கைவருகிறது. இதனைச் சட்டம் உணர்ந்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் தருதல், சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ள இசைதல் ஆகியவற்றோடு, இரண்டாம் மொழி, மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்களித்தலையும் அது வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. இவ்விலக்குத் தானாக வருவதில்லை. பெற்றோர் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பள்ளி அதனைத் தேர்வு வாரியத்துக்கு உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியபின் ஓடுவதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே விதிகளைக் கேட்டு வாங்கிப் படிப்பது நலம்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு இந்த மொழிச் சுமையை நம் முன்னோர் ஓரளவு குறைத்து வைத்திருக்கிறார்கள். பிரெயில் என்பது ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவிப் படிக்கும் எழுத்து. முன்பு இந்தியாவில் ஒரு மொழிக்கு ஒன்றாகவும், சில மொழிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்டனவாகவும் பிரெயில் முறைகள் இருந்தன. அவற்றையெல்லாம் ஒருங்கிணைத்து, 1951-ஆம் ஆண்டில் ‘பாரதி பிரெயில்’ என்ற பொது முறை வகுக்கப்பட்டது. ஒலி ஒன்றாயின் புள்ளியும் ஒன்று என்பது அதன் அடிப்படை. தமிழ்க் ககரத்துக்கு எந்தப் புள்ளிகளோ, இந்தியின் ககரத்துக்கும் வங்காளியின் ககரத்துக்கும் அதே புள்ளிகள்தாம். ஆகவே, மதுரையில் தமிழ்ப் பிரெயில் கற்ற சிறுவன் நாகபுரிக்கு வந்தால், அவன் விரல்களுக்குப் புதிய எழுத்துகள் சிலவே. மொழியைக் கற்றால் போதும். கண்ணுள்ள பிள்ளையோ முற்றிலும் புதிய வரிவடிவத்தைப் பழக வேண்டும். இந்த ஒன்றில் பார்வையற்ற பிள்ளைக்கு வழி சற்றே எளிது.

செவி கேளாதோர்க்கு இந்தியச் சைகை மொழி இருக்கிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் சில சைகைகள் வேறுபட்டாலும், அதன் அடித்தளம் நாட்டுக்குப் பொதுவானது. இதற்கென ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-ஆம் ஆண்டில் தில்லியில் நிறுவப்பட்டது. அது 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்களுக்குச் சைகைகள் இருந்தன. சைகை மொழி கற்றால் பிள்ளை பேசவே மாட்டான் என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். மொழி எதுவாயினும் ஒன்று நிரம்பக் கைவந்தாலன்றி எண்ணம் வளராது. ஆதலால் பிள்ளை மட்டும் கற்றால் போதாது. தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் கற்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் வீடே சிரிக்கும்போது, சிரிப்புக்குக் காரணம் அறியாது ஒருவன் மட்டும் அமர்ந்திருப்பது கொடுமை அன்றோ?

இனி வகுப்பறைக்குள் நுழைவோம். ஏற்பாடு என்றால் பெருஞ்செலவு என்று பள்ளியினர் கருதுகின்றனர். சிலவற்றுக்குச் செலவு உண்டு, மறுக்க இயலாது. சாய்தளமும் தக்க கழிப்பறையும் கட்டப் பணம் வேண்டும். சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறையைக் கருதி, வளர்ந்த பெண் பிள்ளை நாள் முழுதும் தண்ணீர் அருந்தாமல் இருந்து, இறுதியில் பள்ளியையே விட்டுவிடுவதும் உண்டு. ஆதலின் இச்செலவு தவிர்க்கத்தக்கதன்று. ஆனால் பெரும்பாலான ஏற்பாடுகளுக்கு வேண்டுவது சிறிது கவனமே. நடக்க இயலாத மாணவன் ஒருவன் உள்ள வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்கு ஆகும் செலவு என்ன? ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தால் பார்வை குறைந்தவனுக்குப் பயன். முகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பேசினால் செவி குறைந்தவனுக்குப் பயன். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாளின் பாடவேளைகளைப் படமாக எழுதி முன்னே வைத்தால் கலக்கம் குறையும். எழுத்துத் தடை உள்ளவனிடம் விடையை வாய்மொழியாகக் கேட்டால் அவன் அறிவு வெளிப்படும். இவற்றால் மற்றப் பிள்ளைகளுக்குக் கெடுதல் உண்டா? வாய்விட்டுப் படிக்கும் ஆசிரியர் எல்லார்க்குமே நல்லாசிரியர் அல்லரோ?

எனினும், வகுப்பாசிரியர் ஒருவர் தலையிலேயே எல்லாப் பொறுப்பையும் சுமத்துவது முறையன்று. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவர் எத்தனை பேரைத் தனித்துக் கவனிப்பார்? சிறப்பாசிரியர் வேண்டும். தொடக்க நிலையில் இத்தகைய பிள்ளைகள் பதின்மருக்கு ஒருவரும், அதற்கு மேல் பதினைவருக்கு ஒருவரும் வேண்டும் என்னும் அளவு 2021-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. நம் பிள்ளை படிக்கும் பள்ளியில் அத்தகையவர் உண்டா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பது நம் கடமை. குறைபாடு உள்ள பிள்ளையின் பெற்றோர் மட்டுமே கேட்டால் அது முறையீடு. எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கேட்டால் பள்ளி அதனைத் தட்ட முடியாது.

கல்லூரிக்கு வருவோம். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களிலும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்கள் இவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். சேர்க்கைக்குரிய வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு. தேர்வு எழுதும் முறை குறித்து மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தை வகுத்தன. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஒவ்வொரு தேர்வின் அறிவிக்கையையும் புதிதாகப் படிப்பதே பாதுகாப்பு. எழுதும்போது கை இறுகிப் பிடித்துக்கொள்ளும் நோயுடைய இளைஞர் ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார். அவர் குறைபாடு நாற்பது விழுக்காட்டை எட்டவில்லை என்று மறுக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நாற்பது விழுக்காடு என்னும் கணக்கு இட ஒதுக்கீட்டுக்கு உரியது. நியாயமான ஏற்பாட்டை மறுப்பதற்கு அதனைக் காரணமாக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. மேலே நாம் ‘சலுகை’ என்ற சொல்லை ஏன் தள்ளினோம் என்பது இப்போது நன்கு விளங்கும்.

பார்வையற்ற கல்லூரி மாணவர்க்குப் பெருந்துன்பம் நூல் கிடைக்காமையே. வகுப்பில் மற்றவர்கள் பாடநூலின் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கும்போது, இவர்கள் முதல் அதிகாரத்தைப் படித்துக்காட்டுவார் யார் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அச்சு நூலைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்றப் பதிப்புரிமை ஒரு காலத்தில் தடையாக இருந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கியது. இதே நோக்கமுடைய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியாவே. 2016-ஆம் ஆண்டில் ‘சுகம்ய புஸ்தகாலய’ என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பட்டது; அச்சு நூலைப் படிக்க இயலாதவர்கள் அதில் உறுப்பினராகலாம்.

நம்மவருள் மத்திய அரசுப் பணியாளர் பலர். அவர்கள் அறிய வேண்டுவன இரண்டு உண்டு. பணியாளர் குழந்தைகளுக்கு வழங்கப்படும் கல்விப்படி, குறைபாடுடைய குழந்தைக்கு இருமடங்காகத் தரப்படுகிறது. 2014-ஆம் ஆண்டு ஜூன் மாத ஆணையும், அதனை விரிவாக்கிய 2018-ஆம் ஆண்டு அக்டோபர் ஆணையும், இத்தகைய பிள்ளையை முதன்மையாகப் பேணும் பணியாளரை, நிருவாகத் தேவைக்கு உட்பட்டு, வழக்கமான சுழற்சி மாற்றலிலிருந்து விலக்க இடம் தருகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒரு பள்ளிக்குப் பழக ஈராண்டு ஆகிறது. மூன்றாம் ஆண்டில் வேறு ஊர் என்றால் அவன் மீண்டும் முதற்படியில் நிற்பான். ஆகவே மாற்றல் ஆணை வந்தபின் மன்றாடுவதைவிட, பிள்ளையின் சான்றிதழை முன்னதாகவே அலுவலகத்தில் பதிவு செய்துவைப்பது அறிவுடைமை.

இறுதியாக, நம் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கும் இசைவிழாவுக்கும் நாம் கூடும் மண்டபத்தின் வாயிலில் எத்தனை படிகள் என்று இந்த வாரம் எண்ணிப் பாருங்கள். படிகள் இருந்து சாய்தளம் இல்லையாயின், சிலரை நாம் அழைக்கவில்லை என்றே பொருள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர். வாரத்தில் இரண்டு மணி நேரம் பார்வையற்ற மாணவர்க்குத் தமிழ் நூல் ஒன்றைப் படித்துப் பதிவு செய்து தரலாம். தேர்வு விதிகள் இடந்தரும் இடங்களில், கல்லூரி மாணவர்கள் சொல்வதை எழுதுபவராகச் செல்லலாம். அந்தந்த மாநில மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள், புதிதாக வந்த குடும்பத்தோடு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஒருநாள் உடன் செல்லலாம். இடம் மறுக்கப்பட்டால் அந்த மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிட வழி உண்டு. அந்த முறையீட்டை எழுதித் தரலாம். ஊரில் சுற்றமும் அயலும் செய்யும் உதவியை இங்கே நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

நேயர்களே, பாட்டி வீட்டில் விடப்பட்ட அந்த நடுப்பிள்ளையை மீண்டும் நினைவூட்டுகிறோம். வரும் கல்வியாண்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது. சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். பள்ளி மறுக்க இயலாது. கேட்டால் ஏற்பாடு கிடைக்கும். கிடைக்காவிடில் கேட்க இடம் உண்டு. அவளை அழைத்து வாருங்கள். அவள் வந்து சேர்ந்த முதல் வாரத்தில், அண்டை வீட்டுத் தமிழர் ஒருவர் தம் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து, ‘நாளை இருவரும் சேர்ந்தே பள்ளிக்குப் போகட்டும்’ என்று சொல்வாராயின், நாம் இன்று பேசியதன் பயன் நிறைவேறும்.